மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வராத சொற்கள்

கணினித் திரையிலோ கைத்தொலைபேசியிலோ தமிழ் எழுத்துகள் தோன்றுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. வங்கியின் தன்னியக்க இயந்திரம் தமிழில் வரவேற்கின்றது. அரச திணைக்களங்களின் இணையத்தளங்களில் மும்மொழித் தெரிவு இருக்கின்றது. ஆயினும், தமிழைத் தெரிவு செய்துகொண்டு உள்ளே நுழைந்தவர்களுக்குத்தான் பின்னர் நிகழ்வது தெரியும். தலைப்பு தமிழில் இருக்கும், பொத்தான் ஆங்கிலத்தில் இருக்கும். முதற் பக்கம் தமிழில் இருக்கும், மூன்றாம் பக்கம் எந்த மொழியில் இருக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எனது அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் இணையவழி விண்ணப்பம் ஒன்றை நிரப்பினார். அலுவலகத்தின் பெயரை இங்கு குறிப்பிட வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலம் அறியாதவர், ஆனால் தமிழை நன்றாக வாசிப்பவர். பக்கங்கள் அனைத்தையும் எவரது உதவியுமின்றி நிரப்பி, 'சமர்ப்பிக்க' என்ற தமிழ்ப் பொத்தானை அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான அறிவித்தல் என அவர் எண்ணிக்கொண்டார். உண்மையில் அந்த வரி, பிறந்த திகதி தவறான ஒழுங்கில் எழுதப்பட்டுள்ளது, திருத்தி மீண்டும் அனுப்புக என்று கூறியது. முடிவுத் திகதி கடந்து மூன்று வாரங்களின் பின்னரே விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

இதனைக் கேட்ட அனைவரும் ஒருமுகமாகச் சொன்னது, "மொழிபெயர்த்தவருடைய கவலையீனம்" என்பதே. நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவரிடம் விடயத்தைச் சொன்னபோது அவர் வேறொரு விளக்கம் தந்தார். "ஐயா, அந்தப் படிவத்தில் உள்ள மற்றைய எல்லாம் நல்ல தமிழில் இருக்கின்றன. அப்படியானால் இந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பாளர் விட்டிருக்க மாட்டார். அவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். அவருக்கு அனுப்பிய பட்டியலில் அது இருந்திருக்காது" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் மொழிபெயர்ப்பையே அன்றாட உணவாகக் கொண்டிருந்த எனக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. மேசைக்கு வராத பிரதியை எந்த உப ஆசிரியராலும் மொழிபெயர்க்க முடியாது. அந்தப் பட்டியல் எவ்வாறு தயாராகின்றது, அதில் எது சேர்கின்றது, எது தவறுகின்றது என்று விசாரித்தறிந்த பின்னரே இக்கட்டுரையை எழுதுகின்றேன். கணினித் தமிழைப் பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நிரலுக்குள் இருந்து வாக்கியங்களைப் பிரித்தெடுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

நிரலுக்குள் புதைந்த வாக்கியங்கள்

ஒரு மென்பொருளின் மூலநிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. அக்கட்டளைகளின் நடுவே, பயன்படுத்துபவர் வாசிப்பதற்கான வாக்கியங்களும் மேற்கோட்குறிகளுக்குள் கிடக்கும். 'கோப்பைக் காணவில்லை', 'கடவுச்சொல் தவறு' போன்றவை அவை. நிரலாளர் தமக்கு வசதியான மொழியில், அநேகமாக ஆங்கிலத்தில், அவற்றை எழுதிக்கொண்டே போவார். அவருக்கு அது கட்டளையின் ஓர் உறுப்பு. வாசகனுக்கான வாக்கியம் என்ற எண்ணம் அவருக்கு எழுவதில்லை.

பழைய அச்சுக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். 1886ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் பத்திரிகை அச்சுக்கு வந்த லைனோடைப் இயந்திரம், ஒரு முழு வரியையும் ஒரே ஈயத் துண்டாக வார்த்துத் தரும். வேகம் மிகுந்த இயந்திரம். ஆனால் அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வரி முழுவதையும் மீண்டும் வார்க்க வேண்டும். நிரலோடு ஒன்றாக வார்க்கப்பட்ட வாக்கியமும் அவ்வாறானதே. அதனை மாற்றுவதற்கு நிரலையே திறந்து, மாற்றி, மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். மும்மொழிக்கும் மூன்று நிரல்களைப் பராமரிப்பது எந்த நிறுவனத்தாலும் ஆகாத காரியம்.

இதற்கான தீர்வு புதியதன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையைப் பின்பற்றி, உல்ரிச் டிரெப்பர் என்பவர் எழுதிய குனூ கெட்டெக்ஸ்ட் என்ற கட்டற்ற மென்பொருள் 1995இல் வெளிவந்தது. அதன் ஏற்பாடு மிக எளிமையானது. மொழிபெயர்க்கப்பட வேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நிரலாளர் ஓர் அடையாளத்துக்குள் இடுகிறார். அநேகமாக அது ஓர் அடிக்கோடும் ஒரு சோடி அடைப்புக்குறியும் மாத்திரமே. பின்னர் எக்ஸ்கெட்டெக்ஸ்ட் எனும் கருவி மூலநிரல் முழுவதையும் வாசித்து, அடையாளமிட்ட வாக்கியங்களைத் திரட்டி, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் உள்ளது என்ற குறிப்புடன் ஒரு மாதிரிப் பட்டியலாகத் தரும். மொழிபெயர்ப்பாளர் அப்பட்டியலின் பிரதியை எடுத்து, ஒவ்வொரு மூலவாக்கியத்தின் கீழும் தமது மொழியில் எழுதுவார். அது மீண்டும் கணினிக்குரிய வடிவத்துக்கு மாற்றப்படும். மென்பொருள் இயங்கும்போது, பயனர் தெரிவு செய்த மொழியின் பட்டியலைப் பார்த்து உரிய வாக்கியத்தைக் காட்டும்.

சி, பைதன், பிஎச்பி, பேர்ள் எனப் பல நிரல்மொழிகளில் இம்முறை புழங்குகின்றது. உலகெங்கும் இலட்சக்கணக்கான வலைப்பதிவுகளைத் தாங்கும் வேர்ட்பிரஸ் இதனையே பயன்படுத்துகின்றது. கியூடி என்ற கருவித்தொகுதிக்கும் அண்ட்ராய்ட் தொலைபேசிகளுக்கும் இதே நோக்கத்துக்கான தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. 2000களின் தொடக்கத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் கேடிஈ, நோம் முதலிய லினக்ஸ் பணிச்சூழல்களைத் தமிழாக்கியபோது, இரவிரவாகக் கண்விழித்து நிரப்பியவை இத்தகைய பட்டியல்களே. ஊதியம் எதுவுமின்றி அவர்கள் செய்த அந்தப் பணி, மூலநிரல் திறந்திருந்ததாலும் வாக்கியங்கள் ஒழுங்காகப் பிரித்தெடுக்கப்பட்டிருந்ததாலும் சாத்தியமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, தவறு நிகழும் இடத்தைப் பார்ப்போம். கருவி அறிவுள்ளதன்று. அடையாளமிட்டதை மாத்திரமே அது எடுக்கும். நிரலாளர் ஓரிடத்தில் அடையாளமிட மறந்தால் அந்த வாக்கியம் பட்டியலில் இராது. தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுள்ள தொழில்களின் பெயர்கள், மாவட்டங்களின் பெயர்கள், கட்டண வகைகள் ஆகியன மூலநிரலில் இல்லாமையால் அவையும் வாரா. படமாக வரையப்பட்ட எழுத்துகளும் வாரா. வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சேர்த்த பகுதியில் உள்ள எச்சரிக்கைகளும் வாரா. திகதி தவறானால் காட்டும் வாக்கியம் இத்தகைய ஏதோ ஒரு மூலையில் கிடந்திருக்க வேண்டும். ஒழுங்காக நிரப்புபவர் கண்ணில் படாத வாக்கியம் அது. பிழைவிட்டவருக்கு மாத்திரமே அது தெரியும். ஆனால் உதவி தேவைப்படுபவரும் அந்தப் பிழைவிட்டவர்தானே?

தலையும் வாலும் இல்லாத பிரதி

டெலிபிரின்டர் காலத்தில் வெளிநாட்டுச் செய்திகள் துண்டு துண்டாக வரும். நீண்ட செய்தியொன்றின் முதற் பகுதி ஓர் உப ஆசிரியரிடமும் மூன்றாம் பகுதி இன்னொருவரிடமும் போவதுண்டு. ஒருமுறை இடைத்துண்டு ஒன்று மாத்திரம் கிடைத்த நண்பர், 'ஸ்ட்ரைக்' மூன்றாவது நாளாகத் தொடர்ந்தது என்ற வரியை, 'வேலைநிறுத்தம் மூன்றாவது நாளாகத் தொடர்ந்தது' என எழுதிவிட்டார். செய்தியோ விமானத் தாக்குதலைப் பற்றியது. இரவு ஒப்புநோக்கியவரின் கண்ணில் பட்டதால் மறுநாட் காலை மானம் தப்பியது. நண்பருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எவரும் சொல்லவில்லை. தலையில்லாத பிரதியைக் கொடுத்தவர்தான் ஏச்சு வாங்கினார்.

மென்பொருளின் மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் பெறுவது இவ்வகைப் பிரதியையே. 'ஓப்பன்' என்று ஒரு சொல் வருகின்றது. அது 'திற' என்ற ஏவலா, 'திறந்துள்ளது' என்ற நிலையா? 'மே' என்று ஒரு சொல். அது மாதமா, 'இருக்கலாம்' என்ற துணைவினையா? 'ஹோம்' என்பது வீட்டு முகவரியா, முகப்புப் பக்கமா? திரையைக் காணாமல் ஊகித்து எழுதினால், இணையத்தளத்தின் மூலையில் 'வீடு' என்று ஒரு பொத்தான் தோன்றும். நாம் அதைப் படம்பிடித்து முகநூலில் இட்டுச் சிரிப்போம். சிரிப்புக்கு ஆளாகுபவர் மொழிபெயர்ப்பாளர்.

இதற்கும் வழி இருக்கின்றது. நிரலில் வாக்கியத்துக்கு மேலே நிரலாளர் ஒரு குறிப்பை எழுதினால், 'இது பொத்தானில் வரும் ஏவல்', 'இது மாதத்தின் சுருக்கப் பெயர்' என்று, அக்குறிப்பையும் சேர்த்தே பிரித்தெடுக்கும் வசதி கெட்டெக்ஸ்டில் உண்டு. ஒரே ஆங்கிலச் சொல் இரு பொருளில் வருமாயின், சூழலைக் குறித்து இரண்டு பதிவுகளாகப் பிரிக்கும் வசதியும் 2006இல் சேர்க்கப்பட்டது. குறிப்பொன்றை எழுத நிரலாளருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை அவர் மிச்சப்படுத்தினால், எத்தனை மொழிகளில் அந்தப் பட்டியல் மொழிபெயர்க்கப்படுகின்றதோ அத்தனை மொழிபெயர்ப்பாளர்களும் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

வேற்றுமை உருபு கேட்கும் நியாயம்

பிரித்தெடுப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. அது தமிழுக்கு மிகுந்த தீங்கு செய்வது. நிரலாளர் ஒரு வாக்கியத்தைத் துண்டுகளாக்கி இடையிடையே பெயர்களைச் செருகிவிடுவார். ஆங்கிலத்தில் 'இவ்விடத்திலிருந்து' என்பதற்கான சொல் பெயருக்கு முன்னே தனியாக நிற்கும். 'இவ்விடத்துக்கு' என்பதற்கான சொல்லும் அவ்வாறே. ஆகவே அவற்றை இரண்டு தனிச்சொற்களாகப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். தமிழில் இவை தனிச்சொற்கள் அல்ல. பெயரோடு ஒட்டும் உருபுகள். ஒட்டும்போது பெயரும் உருமாறும். யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்துக்கு ஆகும். மன்னார், மன்னாருக்கு ஆகும். மாலா, மாலாவுக்கு ஆவார். ராணி, ராணிக்கு ஆவார்.

துண்டாகப் பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? 'இலிருந்து' என்றும் 'இற்கு' என்றும் எழுதுவார். விளைவாக, 'கொழும்பு இலிருந்து யாழ்ப்பாணம் இற்கு' என்று ஒரு பயணச்சீட்டு அச்சாகும். தொல்காப்பியம் பயின்ற சமூகத்தின் கையில் இப்படி ஒரு சீட்டு. முழு வாக்கியத்தையும் ஒன்றாகக் கொடுத்து, பெயர் வரும் இடங்களை வெற்றிடங்களாகக் காட்டியிருந்தால், 'புறப்படும் இடம்: கொழும்பு, சேரும் இடம்: யாழ்ப்பாணம்' எனத் தமிழின் இயல்புக்கேற்ப அவர் மாற்றி அமைத்திருப்பார். சொல்லொழுங்கும் அத்தகையதே. 'பத்தில் மூன்றாம் பக்கம்' என்று தமிழ் சொல்வதை ஆங்கிலம் மூன்றை முன்வைத்துப் பத்தைப் பின்வைத்துச் சொல்லும். வெற்றிடங்களுக்கு 1, 2 என எண் இட்டால் மொழிபெயர்ப்பாளர் அவற்றை இடம்மாற்றிக்கொள்ளலாம். எண் இடாவிட்டால், வரிசையை மாற்றும் மொழிபெயர்ப்பில் மூன்றும் பத்தும் இடம்மாறித் தோன்றும்.

ஒருமை பன்மையையும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய மொழிக்கு இதில் ஒரே வடிவம் போதும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டு. ரஷ்ய மொழிக்கு மூன்று. அரபு மொழிக்கு ஆறு. 'ஐந்து மாடு வந்தது' என அஃறிணையில் பன்மை விகுதியின்றிச் சொல்லும் வழக்கு தமிழில் உண்டு, ஆகவே இது பெரிய விடயமல்ல என்று சிலர் கூறலாம். எழுத்துத் தமிழில் வினைமுற்று விடாது. '1 விண்ணப்பம் கிடைத்துள்ளது', '5 விண்ணப்பங்கள் கிடைத்துள்ளன' என்றே எழுத வேண்டும். நிரலாளர் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருந்தால் மாத்திரமே பட்டியலில் இரண்டு வரிகள் வரும். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஓர் எழுத்தை ஒட்டிப் பன்மையாக்கும் குறுக்குவழியை அவர் கையாண்டிருந்தால், '1 விண்ணப்பங்கள் கிடைத்துள்ளன' என்பதைத்தான் நாம் வாசிக்க நேரும்.

நமது மொழியின் இலக்கணம் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு என்றே இதுவரை நினைத்திருந்தோம். அதில் பாதி, நிரல் எழுதுபவரின் கையிலும் இருக்கின்றது. அவர் தமிழ் அறியாதவராக இருந்தாலும் பாதகமில்லை. முழு வாக்கியமாகக் கொடு, வெற்றிடத்துக்கு எண் இடு, குறிப்பு எழுது, எண்ணிக்கை வரும் இடத்தில் பன்மை ஏற்பாட்டைப் பயன்படுத்து என்ற நான்கு விதிகளைப் பின்பற்றினால் தமிழுக்கு மாத்திரமன்றிச் சிங்களத்துக்கும் ஏனைய மொழிகளுக்கும் நீதி செய்தவராவார். சிங்களமும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற ஒழுங்கையுடைய மொழி என்பதை மறக்கக்கூடாது. துண்டு வாக்கியங்களால் அம்மொழியும் சிதைகின்றது.

சத்தமின்றி வந்து நிற்கும் ஆங்கிலம்

இந்த ஏற்பாடுகளில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த அம்சம் ஒன்று உண்டு. கெட்டெக்ஸ்ட் முறையில், ஒரு வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லையென்றால் மென்பொருள் நின்றுவிடாது. மூலவாக்கியத்தை, அதாவது ஆங்கிலத்தை, அப்படியே காட்டிவிட்டுத் தொடரும். மூலவாக்கியம் மாறி, பழைய மொழிபெயர்ப்பு பொருந்துமோ என்ற ஐயம் எழுந்தால், கருவி அதன்மேல் 'தெளிவில்லை' என்ற முத்திரையை இடும். ஒருவர் பார்த்து உறுதிசெய்யும்வரை அந்த மொழிபெயர்ப்பும் சாதாரணமாகச் சேர்க்கப்படாது. அங்கும் ஆங்கிலமே வந்து நிற்கும்.

தொழில்நுட்ப நோக்கில் இது மிகச் சிறந்த ஏற்பாடு. பாதி மொழிபெயர்த்த மென்பொருளும் இயங்கும். தவறான மொழிபெயர்ப்பைக் காட்டுவதிலும் மூலத்தைக் காட்டுவது மேலானது. தன்னார்வலர் திட்டங்கள் சிறுகச் சிறுக வளர்ந்தமைக்கு இதுவே துணைநின்றது. இதே ஏற்பாடு ஓர் அரச நிறுவனத்தின் கைக்கு வரும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. தமிழ் இல்லாமை ஒரு பிழையாகப் பதிவாவதில்லை. மென்பொருள் 'சரியாக' இயங்குகின்றது. சோதித்தவர் ஆங்கிலம் அறிந்தவர். ஏற்றுக்கொண்ட அதிகாரியும் ஆங்கிலமோ சிங்களமோ அறிந்தவர். இல்லாத தமிழைத் தேடுபவர் எவரும் அந்த அறையில் இல்லை.

இலங்கைத் தமிழருக்கு இது பழகிய அனுபவம். 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987இல் நிறைவேற்றப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டும் என்றும் கூறியது. 1988இன் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரிவாக்கியது. 1991இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைந்தது. சட்டத்தில் தமிழுக்கு இடமிருந்தது. தமிழில் கடிதம் எழுதியவருக்குச் சிங்களத்தில் பதில் வந்தபோது, அதனைத் தடுக்க எவரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்ய வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லை, தட்டச்சாளர் இல்லை, அவசரம் என்ற காரணங்களே போதுமாயிருந்தன. காகிதத்தில் நிகழ்ந்த அந்த வழுவல் இப்போது மென்பொருளில் தானாகவே நிகழ்கின்றது. காகிதத்தில் நிகழ்ந்தபோது, பிறமொழிக் கடிதத்தையாவது கையில் வைத்துக்கொண்டு முறையிட முடிந்தது. திரையில் தோன்றி மறையும் ஒரு வரியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

செய்யக்கூடியவை

இதற்கான பரிகாரங்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, அரச மென்பொருள்களுக்கான கேள்விப்பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதப்பட வேண்டும். 'மும்மொழியில் அமைய வேண்டும்' என்ற ஒற்றை வரி போதாது. பயனர் வாசிக்கும் வாக்கியங்கள் அனைத்தும் நிரலிலிருந்து பிரித்தெடுக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும், பிரித்தெடுத்த பட்டியல் திணைக்களத்திடம் கையளிக்கப்படல் வேண்டும், பிழைச் செய்திகளும் குறுஞ்செய்திகளும் பற்றுச்சீட்டுகளும் அதில் அடங்க வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். குறுஞ்செய்தியைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளையே கொள்ளும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த எல்லை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மென்பொருளைப் பொறுப்பேற்கும் முன்னர் பொய்மொழிச் சோதனை நடத்த வேண்டும். பிரித்தெடுத்த வாக்கியங்கள் அனைத்தையும் வேண்டுமென்றே விசித்திரமான குறிகளால் நிரப்பி மென்பொருளை இயக்கிப் பார்க்கும் முறை இது. திரையில் எங்கேனும் சுத்தமான ஆங்கிலம் தோன்றினால், அது பிரித்தெடுக்கப்படாத வாக்கியம் என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். தமிழ் அறியாத சோதனையாளரும் இதனைச் செய்யலாம். அயல்வீட்டுப் பெரியவரின் விண்ணப்பம் இத்தகைய சோதனை ஒன்றினால் காப்பாற்றப்பட்டிருக்கும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளருக்குப் பட்டியலோடு திரையையும் காட்ட வேண்டும். எழுதியதை இயங்கும் மென்பொருளில் பார்த்துத் திருத்த அவருக்கு நாள் ஒதுக்க வேண்டும். பக்கம் அச்சேறும் முன்னர் ஒப்புநோக்காத பத்திரிகை உண்டா?

நான்காவது, அந்தப் பட்டியல்கள் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். அவற்றில் இரகசியம் எதுவுமில்லை. திரையில் எல்லோரும் பார்க்கும் வாக்கியங்களே அவை. ஒரு பிரதேச செயலக மென்பொருளில் 'பிறப்புச் சான்றிதழ்' என்று இருப்பதும் இன்னொன்றில் 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்' என்று இருப்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கின்றது. இந்த மென்பொருளில் பயனருக்கான வாக்கியங்கள் எத்தனை, அவற்றுள் தமிழில் உள்ளவை எத்தனை என்று ஒரு பிரசை கேட்கலாம். இளம் பத்திரிகையாளர்களும் கேட்கலாம். பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துப் பிழையைப் படமெடுத்துப் போடுவதிலும் பயனுள்ள செய்தி அதில் கிடைக்கும்.

நமது பக்கத்துத் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு சொல் தூய தமிழா அன்றா என்று மாதக்கணக்கில் வாதிடும் நாம், நிரப்பப்படாமல் கிடக்கும் பட்டியல்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழகத்து வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபடும் இடங்களில் எவர் சொல் நிலைப்பது என்ற போட்டியும் உண்டு. அங்கே 'ஓட்டுநர் உரிமம்', இங்கே 'சாரதி அனுமதிப்பத்திரம்'. அங்கே 'துறை', இங்கே 'திணைக்களம்'. இரண்டும் தமிழே. கெட்டெக்ஸ்ட் ஏற்பாட்டில் இலங்கைக்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் இல்லாதவற்றுக்குப் பொதுத் தமிழ்ப் பட்டியலைப் பார்க்கச் செய்யலாம். வேறுபடும் சொற்களை மாத்திரம் இங்கே எழுதினால் போதும். சண்டைக்கு அவசியமே இல்லை.

"இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்துவிடும், இந்தக் கவலை எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வெகுவாக முன்னேறியுள்ளது என்பதை மறுக்கவில்லை. அதற்கும் பிரதி வேண்டும். 'மே' என்ற ஒற்றைச் சொல்லைத் தனியாகக் கொடுத்தால் அதுவும் ஊகிக்கவே செய்யும். நிரலுக்குள் புதைந்து கிடப்பதை எவரும் எடுத்துக் கொடாவிட்டால் அதனிடமும் அந்த வாக்கியம் போய்ச் சேராது. மேலும், ஒருவரது விண்ணப்பம் ஏற்கப்பட்டதா நிராகரிக்கப்பட்டதா என்று கூறும் வாக்கியத்துக்கு, பார்த்து ஒப்பமிட்ட மனிதர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது எனது உறுதியான நிலைப்பாடு.

இன்னொரு சாரார், "இப்போது எல்லோரும் ஆங்கிலத் திரைக்குப் பழகிவிட்டார்கள், தமிழில் போட்டால்தான் விளங்குவதில்லை" என்பர். பழகியவர்கள் சொல்வது அது. பழகாதவர்கள் பிள்ளைகளையோ, சந்தியில் உள்ள தொலைத்தொடர்பு நிலையத்துத் தம்பியையோ நம்பித் தமது அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் ஒப்படைக்கின்றார்கள். தமது அலுவலைத் தாமே பார்த்துக்கொள்ளும் மரியாதை அவர்களுக்கு மறுக்கப்படுகின்றது. மொழியுரிமை என்று மேடைகளில் நாம் பேசுவது நடைமுறையில் இந்த மரியாதையைத்தான்.

அயல்வீட்டுப் பெரியவர் மறுபடியும் விண்ணப்பிக்கும் காலம் வரும்வரை காத்திருந்தார். இம்முறை பேரனை அருகில் இருத்திக்கொண்டார். திகதியில் தவறு நேரவில்லை, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆங்கில வரி இப்போதும் அந்தப் படிவத்துக்குள் எங்கோ இருக்கின்றது. அடுத்த முறை திகதியை மாற்றி எழுதும் ஒருவருக்காக அது காத்திருக்கின்றது. அதனைத் தமிழாக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் முதலில் அதனை வெளியே எடுத்து, மொழிபெயர்ப்பவரின் மேசையில் வைக்க ஒருவர் வேண்டும்.